கடை பேரில் ஐந்து வண்டிகள்

முதல் தடவை அந்தப் பெண் போன் செய்தபோது அவளை மோசடிக்காரி என்றுதான் நினைத்தேன். முற்பகல் நேரம். ஷார்ஜா ரோலாவில் என் சூட்கேஸ் கடையில், ஊருக்குப் போகிற ஒரு பெங்காலி ஒரே பெட்டியின் ஜிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

"வணக்கம் சார். பலதியா பார்க்கிங் ஃபைன் விஷயமா பேசறேன். உங்க கடை பேர்ல இருக்கற வண்டிங்களுக்கு பாக்கி நிறைய இருக்கு."

"பலதியாவுக்கு எப்பலேர்ந்தும்மா தமிழ் வந்துச்சு?" என்றேன்.

பலதியா என்றால் நகராட்சி. இத்தனை வருடத்தில் அது என்னிடம் அரபியில் பேசியிருக்கிறது, ஆங்கிலத்தில் பேசியிருக்கிறது. தமிழில், அதுவும் 'சார்' போட்டுப் பேசியதில்லை. அந்த வாரம்தான் பக்கத்துப் பர்தா கடைக்காரர் இப்படி ஒரு இனிமையான குரலுக்கு ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு, வங்கிக்கும் போலீசுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். நான் ஏமாறுகிற ஆள் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பெங்காலி ஜிப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில், "ஓடிபி எல்லாம் வேணாம் சார். எங்ககிட்ட காசும் கட்ட வேணாம். ஆப்ல நீங்களே பாத்துக்குங்க. நாளைக்குக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

அதற்குள் என் மகள் பார்த்துவிட்டிருந்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே என் போனை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, "வாப்பா, இட்ஸ் ரியல்" என்று திருப்பிக் கொடுத்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு தொகை இருந்தது. கடைக்கு நான் கொடுக்கிற மூன்று மாத வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம். என் போனுக்கு ஒவ்வொரு அபராதத்துக்கும் செய்தி வந்திருக்கிறது. வங்கி விளம்பரம், பீட்சா விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம் இவற்றோடு அவையும் திறக்கப்படாமல் கிடந்தன. நாள் முழுக்க ஆட்களோடு பேசிப் பிழைக்கிறவன், செய்தியெல்லாம் எங்கே படிப்பது?

என்னைப் பயமுறுத்தியது தொகை அல்ல, மாதம். அந்த மாதக் கடைசியில் என் கடை லைசன்ஸ் முடிகிறது. அரசாங்கப் படிவங்கள் நிரப்பித் தருகிற டைப்பிங் சென்டர் மலையாளியிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார். கடை பேரில் பலதியா பாக்கி இருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை விழாது. முத்திரை இல்லாவிட்டால் லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாவிட்டால் என் விசா புதுப்பிக்க முடியாது, என் விசாவில் தொங்குகிற மனைவி, மகள் விசாவும் முடியாது. மகளுக்கு அடுத்த மாதம் போர்டு பரீட்சை. பன்னிரண்டு வருடம் இங்கே படித்த பெண்ணைப் பரீட்சைக்கு முன்னால் ஊருக்குக் கூட்டிப் போய் என்ன செய்வது? அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சூட்கேஸ் கடையின் பேரில் ஐந்து கார்கள் எப்படி வந்தன என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒருவர் துபாய் விசாவில் ஷார்ஜாவில் குடியிருப்பார். இன்னொருவர் வேலை மாறுகிற இடைவெளியில் இருப்பார். மூன்றாமவருக்குக் கம்பெனி என்றைக்கு விசாவை ரத்து செய்யும் என்று அவருக்கே தெரியாது. வண்டி மட்டும் எல்லோருக்கும் வேண்டும். "காக்கா, உங்க கடை லைசன்ஸ்லயே இருக்கட்டுமே" என்பார்கள். காக்கா என்றால் எங்களில் அண்ணன். இருக்கட்டும் என்றேன். ஒருவர் ஒரேயடியாக ஊருக்குப் போகும்போது சாவியை அடுத்தவரிடம் கொடுப்பார், ஒரு தொகை கைமாறும், ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். பதிவு அட்டையில் மட்டும் எப்போதும் என் கடை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் காசு போட, நான் போய் டெஸ்ட் முடித்துப் புதுப்பித்து வருவேன். போன தடவை புதுப்பித்தபோது ஒரு அபராதமும் இல்லை. எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. ரோலாவில் எத்தனையோ பேர் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களில் யார் பேரை நம்பி ஐந்து குடும்பம் வண்டி ஓட்டுகிறது?

"எல்லா ஃபைனும் வெள்ளிக்கிழமைல விழுந்துருக்கு சார்" என்றாள் அந்தப் பெண்.

நான் சிரித்தேன். அவளுக்குப் பாடம் எடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷம். "இங்க வெள்ளிக்கிழமை பார்க்கிங் ஃப்ரீம்மா. நீ புதுசு போலருக்கு. சின்னப் பிள்ளைய கேட்டாக்கூடச் சொல்லும். மெஷின்ல கோளாறு. ஒங்க மேலதிகாரிகிட்ட சொல்லு."

"நீல போர்டு இருந்தா ஏழு நாளும் கட்டணும் சார். உங்க கடைக்குப் பின்னாடி இருக்கற பார்க்கிங்ல நீல போர்டு இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே வெளியே போனேன். கடையை விட்டு இறங்கி, சந்து வழியாகச் சுற்றி, பின்பக்கம். இருந்தது. இந்த வருடம்தான் மாட்டியிருப்பார்கள் போல. ஆள் உயரத்துக்கு மேலே, நீல நிறத்தில், அரபியிலும் ஆங்கிலத்திலும், வாரம் முழுக்கக் கட்டணம் என்று. என் கடை வேனுக்கு வருடச் சந்தா கட்டியிருப்பதால் நான் எந்தப் பலகையையும் பார்த்ததே இல்லை. வேனை நிறுத்துவேன், பெட்டிகளை இறக்குவேன், போவேன். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று எத்தனையோ தடவை பீடா மென்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. ஐந்து வண்டிக்காரர்களும், அவர்களோடு தொற்றிக்கொண்டு வருகிறவர்களும், சில வாரம் பதினைந்து பேர்கூட ஆகிவிடும். நெய்ச்சோறு, கறி, ஊர்க்கதை. ஊரில் யார் வீடு விற்கிறார்கள், யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை, ஜமாஅத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அஸர் தொழுகை வரைக்கும் சத்தம் ஓயாது. வண்டிகளைப் பின்பக்கம் நிறுத்துவார்கள். புதிதாக வருகிறவர் யாராவது, "காசு போடணுமா காக்கா?" என்று கேட்டால், "வெள்ளிக்கிழமைல என்னய்யா காசு, மேல வாங்க" என்று ஜன்னலிலிருந்து கத்துவது நான்தான்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கண் எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இருக்கிறது. வண்டியை நிறுத்துகிறவன் பலகையைப் பார்க்க வேண்டாமா? பலகைக்குக் கீழே நின்றுகொண்டு இப்படித்தான் எனக்கு நானே வாதாடினேன். போனில் அந்தப் பெண், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்களில் அவளிடமிருந்து நான் நிறையத் தெரிந்துகொண்டேன். பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவர் பின்னாலும் பலதியா ஓடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பழைய பாக்கிகளை ஒரு கலெக்‌ஷன் ஆபீசிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். வசூலாகிற தொகையில்தான் அந்த ஆபீசுக்குப் பங்கு. வசூலாகாவிட்டால் ஒன்றும் கிடையாது. உருதுவுக்கு ஒரு மேசை, மலையாளத்துக்கு ஒரு மேசை, வங்காளம், தகலாக், எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. தமிழ் மேசை அவள். என் கடை பேரைப் பார்த்துவிட்டு மலையாளி என்று நினைத்து முதலில் மலையாள மேசைக்குத்தான் அனுப்பினார்களாம். அது ஏனோ எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"கொஞ்சம் குறைச்சுப் போடும்மா" என்றேன் ஒருநாள். எதற்கும் பேரம் பேசாமல் இருந்தால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

"அது எங்க கையில இல்ல சார். தவணையா கட்டலாம். ஆனா கடைசித் தவணை கட்டினாத்தான் க்ளியரன்ஸ் வரும்."

"அதுக்குள்ள என் லைசன்ஸ் முடிஞ்சிருமே."

"அப்ப முழுசா எப்ப முடியும்னு சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. "இருபதாம் தேதிக்குள்ள" என்று என் வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான், இது எப்படி நடந்தது என்று யோசித்தேன். அவள் 'முடியுமா' என்று கேட்கவே இல்லை. 'எப்ப முடியும்' என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருடம் வியாபாரம் செய்கிற எனக்கு இது தோன்றாமல் போயிற்றே.

என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. மகளின் கட்டணம் அப்போதுதான் கட்டியிருந்தேன். கடையில் பாதிச் சரக்கு கடனுக்கு எடுத்தது. அவரவர் வண்டிக்கு விழுந்த அபராதத்தை அவரவர் கட்டட்டும், அதுதானே நியாயம் என்று வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். தன்மையாகத்தான் போட்டேன். ஸலாம் சொல்லி, நிலைமையைச் சொல்லி, ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தொகையை எழுதி, துஆ செய்யச் சொல்லி. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி விழுந்தது. பேச்சு மூச்சு இல்லை. சற்று நேரம் கழித்து ஒருவர் மட்டும், ஊரில் மழை பெய்கிற வீடியோ ஒன்றைப் போட்டார். அதற்கு மூன்று பேர் இதயம் போட்டார்கள்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வாடிக்கையாளர் கேட்ட பெட்டிக்குப் பதில் வேறு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். சுலைமானி டீ வாங்கி வைத்துவிட்டு, ஆறிய பிறகு இன்னொன்று வாங்கினேன். மேலே வீட்டுக்குப் போய், மகள் பரீட்சைக்குப் படிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் முற்பகலில் மேலே வீட்டுக்குப் போய் நான் போனை எடுத்தேன். அந்த நேரம்தான் சரி என்று எனக்கு இப்போது தெரியும். காலையில் கூப்பிட்டால் டியூட்டிக்குப் போகிற அவசரம் என்பார்கள். மத்தியானம் கூப்பிட்டால் தூக்கம் என்பார்கள். முற்பகலில் மனிதன் மேசையில் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் ஆள் இருக்கும், சத்தம் போட முடியாது. முதல் ஆளிடம் விசாரிப்பெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "தம்பி, உங்க வண்டி பாக்கி விஷயமா பேசறேன். எப்ப முடியும்?" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் என்னென்னவோ சொன்னார். சம்பளம் வரவில்லை, தங்கச்சி வளைகாப்பு, ஏசி பழுது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவரே, "வியாழக்கிழம தர்றேன் காக்கா" என்றார்.

தந்துவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை, கொஞ்சம் உற்சாகமாகவும் இருந்தது. இரண்டாவது ஆள் கம்பி நீட்டப் பார்த்தார். போனை எடுக்கவில்லை. அவருடைய கம்பெனி லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன். வரவேற்பில் இருந்த பிலிப்பினோ பெண்ணிடம் என்ன விஷயம் என்று சொல்லவில்லை. அவசரம் என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டாராம்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்டங்க இப்புடிப் பேசுறீங்க?"

"நம்ம ஆள்கிட்டதான்."

"நம்ம ஆள்கிட்ட பேசுற மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாவது, நான்காவது ஆட்களும் தந்தார்கள். ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைத்துத் தந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்படாத மாதிரி இருந்துகொண்டேன். மீதி இருந்தது நஹ்தா ஏரியாவில் இருக்கிற தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. எங்கள் தெருதான், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கார்கோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். விமான நிலையத்திலிருந்து அவரை முதன்முதலாக அழைத்து வந்தவன் நான். அவருக்கு முதல் மெத்தை வாங்கிக் கொடுத்ததும் நான். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் வராமல் இருந்ததில்லை. அதனால் அவர் வண்டிக்குத்தான் அதிகத் தொகை.

"ஒண்ணு கேக்கவா காக்கா?" என்றார் போனில். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "அந்த வண்டிய எடுத்துக்கிட்டு நாங்க எங்க போனோம்? உங்க வீட்டுக்குத்தானே வந்தோம். நீங்கதானே மேல வாங்க, காசு போடாதீங்கன்னு சொன்னீங்க."

எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். பாதி என்னுடையது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இருபதாம் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பக்கத்து அறையில் மகள் வேதியியல் சூத்திரங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குள் பயம், அவமானம், அவர் சொல்வது சரி என்கிற ஆத்திரம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. என் வாயிலிருந்து வந்தது என் பேச்சே இல்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ரெண்டு நாள்ல கட்டலன்னா அடுத்த நடவடிக்கைக்குப் போகும். வண்டி என் பேர்ல இருக்கு. என்ன செய்யணுமோ நான் செய்ய வேண்டி வரும்."

இந்த முறை மௌனத்தை வைத்திருந்தது அவர். பிறகு, "சரி" என்றார். காக்கா என்றுகூடச் சொல்லவில்லை. சாயந்திரத்துக்குள் முழுத் தொகையும் என் கணக்குக்கு வந்துவிட்டது.

பாக்கி தீர்ந்தது. முத்திரை விழுந்தது. லைசன்ஸ் வந்தது. விசா வேலைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மகள் பரீட்சைக்குப் போக ஆரம்பித்தாள். கலெக்‌ஷன் ஆபீஸ் பெண் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு, "உங்க ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்றாள்.

"நாலு நாள்ல அஞ்சு பேர்கிட்ட வாங்கிட்டேன் பாத்தியா?" என்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எங்க ஆபீஸ்ல சேந்துக்குங்க சார்" என்று சிரித்தாள்.

அதை மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இனி இந்த வம்பே வேண்டாம் என்று ஐந்து வண்டியையும் என் கடை பேரிலிருந்து மாற்றச் சொன்னேன். மூன்று பேர் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள், இரண்டு பேர் விற்றுவிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கு ஒவ்வொருவரோடும் நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் மரியாதையாக ஸலாம் சொன்னார்கள். கை கொடுத்தார்கள். நஹ்தா தம்பி எனக்கு டீ வாங்கித் தந்தார். அவர் குடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி வழக்கம்போலப் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் ஆட்கள் கலைகிற வரை நின்றேன். ஒருவர் காய்ச்சல் என்றார். ஒருவர் சைட்டில் அவசர வேலை என்று செய்தி போட்டிருந்தார். மற்றவர்கள் கண்ணில் படவே இல்லை. பார்க்கிங்கில் இனி காசு என்பதால் பஸ்ஸில் வருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, ரோலா பஸ் நிலையம் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். யாரும் வரவில்லை. சோற்றைக் கீழ்க்கடைப் பையன்களுக்கும் லாண்டரிக்காரருக்கும் கொடுத்தோம். அடுத்த வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் மனைவி சின்னச் சட்டியை எடுத்தாள்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமைல சூடா உக்காந்து சாப்புடுறேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பிறகு அவள்தான் சொன்னாள். பெண்களுக்குத் தனி வாட்ஸாப் குழு உண்டு. இப்போதெல்லாம் எல்லோரும் நஹ்தா தம்பி வீட்டில் கூடுகிறார்களாம். பெண்கள் குழுவில் அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆண்கள் குழுவில் என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் குழுவில் மழை வீடியோவுக்குப் பிறகு எதுவுமே வரவில்லை. வேறு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

"நீங்களே போங்களேன். போனா வேணாம்னா சொல்வாங்க?" என்றாள்.

இரண்டு வாரம் போவதா வேண்டாமா என்று தவித்தேன். கடையில் இருந்தால் அங்கே போயிருக்கலாமே என்று இருக்கும். கிளம்பலாம் என்று வேன் சாவியை எடுத்தால், நான் ஏன் போக வேண்டும், என்ன தப்பு செய்தேன் என்று இருக்கும். என் மகள் பரீட்சை எழுதினாளா இல்லையா? அவரவர் அபராதத்தை அவரவர் கட்டினார்கள், இதில் என்ன அநியாயம்? யாராவது நேரே வந்து சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் என்னை அரித்தது. எனக்கு அவர்கள் வேண்டும். அதை இத்தனை வயதுக்குப் பிறகு வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு நஹ்தாவுக்குப் போனேன். கட்டிடத்துக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு முதலில் பலகையைத்தான் தேடினேன். நீலம். என் சந்தா ரோலாவுக்குத்தான், அங்கே செல்லாது. நின்ற இடத்திலேயே போனில் பணம் கட்டிவிட்டு மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தப் பழைய சத்தம். நான் வாசலில் நின்றதும் ஒரு நொடி அடங்கி, மறுபடி எழுந்தது. "வாங்க காக்கா, வாங்க வாங்க" என்று எல்லோரும் எழுந்தார்கள். நஹ்தா தம்பி அல்வாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. என் மகளின் பரீட்சையை விசாரித்தார்கள். கடையை விசாரித்தார்கள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். எனக்குக் கண் கலங்கிவிடும் போல இருந்தது. இவ்வளவுதானே, இதற்கா இத்தனை நாள் தவித்தேன் என்று நினைத்தேன்.

சாப்பாடு வந்தது. எங்கள் பக்கத்தில் விருந்துச் சோற்றை ஆளுக்கொரு தட்டில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி மூன்று நான்கு பேர் தரையில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவோம். சஹன் என்று சொல்வோம். கோபம் இருக்கிறவர்கள்கூட ஒரு சஹனில் உட்கார்ந்துவிட்டால் கைகள் நடுவில் இடித்துக்கொள்ளும், அதோடு சரியாகிவிடும். தரையில் விரிப்பு விரித்து மூன்று சஹன் வைத்தார்கள். ஆட்கள் நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். நான் சட்டையின் கைப்பகுதியை மடித்துக்கொண்டு, எந்தச் சஹனில் இடம் இருக்கிறது என்று பார்த்தேன்.

"காக்கா, நீங்க ஏன் கீழ உக்காந்து கஷ்டப்படுறீங்க? மேல உக்காருங்க" என்றார் நஹ்தா தம்பி. மேசையில் எனக்கென்று ஒரு தட்டு வைத்திருந்தார்கள். பீங்கான் தட்டு, பக்கத்தில் ஸ்பூன், மடித்த டிஷ்யூ, தண்ணீர் பாட்டில். தட்டில் மற்ற யாருக்கும் இல்லாத அளவுக்குக் கறி. அவருடைய அரபி முதலாளி வந்தால் அப்படித்தான் வைப்பார்கள்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். கறி நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று ஒருவர் எழுந்து வந்து கேட்டார். கீழே யாரோ ஊரில் நடந்த ஒரு கதையைச் சொல்ல, மூன்று சஹனும் சிரித்தது. முதல் பாதியை நான் கேட்காததால் எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து செருப்பைத் தேடினேன்.

"என்ன காக்கா, அதுக்குள்ள? டீ குடிச்சிட்டுப் போலாமே" என்றார் அவர்.

"பார்க்கிங் முடியுது தம்பி. அப்புறம் ஃபைன் போட்டுருவான்" என்றேன்.

"ஆமா, அது பாத்துக்கணும்" என்றார். லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

நான் ஐந்து மணி நேரத்துக்குக் கட்டியிருந்தேன்.